இரண்டு பேருக்கு அளவு

9-3-81
இன்றும் பூசணிக்காய்க் கூட்டு. இந்த வாரத்தில் மூன்றாவது முறை. கேட்டால் குஞ்சம்மாள் மாமி, "உனக்காக டெல்லியில தனியா ஒரு மார்க்கெட் தொறக்கச் சொல்லட்டுமா?" என்பாள். பதினாலு பிரம்மச்சாரிகளுக்குக் கேரியர் கட்டி அனுப்புகிறாள். அவள் வீட்டுப் பின்னறையிலேயே வாடகைக்கு இருக்கும் எனக்கும் கேரியரில்தான் போட்டுத் தருவாள். நாலு எட்டு நடந்து போய் வாங்கி, நாலு எட்டு திரும்பி நடந்து வந்து திறக்க வேண்டும். வாடகையும் சாப்பாடும் சேர்ந்து என் சம்பளத்தில் பாதி இந்த லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸை விட்டு வெளியே போவதே இல்லை.

ராஜாத்தி கடிதம். கல்யாணமாகி ஒன்பது மாதத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது இருபத்தொரு நாள். அருப்புக்கோட்டையில் என் அண்ணன் வீட்டில் எட்டுப் பேருக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறாள். "எனக்கு நகை வேண்டாம் மாமா, சேலை வேண்டாம். எனக்குன்னு ஒரு அடுப்பு இருந்தாப் போதும்" என்று எழுதியிருக்கிறாள்.

முனிர்காவில் ஒரு அறையும் சின்ன சமையல்கட்டும் இருநூற்று இருபத்தைந்துக்குக் கிடைக்கும். மூன்று மாத அட்வான்ஸ், பாத்திரம், அவள் ரயில் செலவு எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரமாவது வேண்டும். எங்கிருந்து வரும்? பீடி கிடையாது, சினிமா கிடையாது. மிச்சம் பிடிக்க இருப்பது வயிறு ஒன்றுதான்.

11-3-81
மாமியிடம் சொல்லிவிட்டேன், ஒன்றாம் தேதியிலிருந்து கேரியர் வேண்டாம், பின் வராந்தாவில் நானே பொங்கிக்கொள்கிறேன் என்று. பட்டென்று சொன்னாள்: "பண்ணிக்கோ. எத்தனை நாளைக்குன்னு பாக்கறேன். ஆனா மீனு, முட்டை ஒண்ணும் உள்ள வரப்படாது."

வராது என்றேன். ஒரு கேரியர் குறைவது அவளுக்கும் நஷ்டம்தான். ஆனாலும் ஒரு பழைய வெண்கலப் பானையைத் தூக்கிக் கொடுத்தாள். எனக்குத்தான் கூச்சமாகப் போயிற்று.

1-4-81
கோட்லாவில் வாங்கிய திரி ஸ்டவ். சோறு அடிப்பிடித்தது. ரசம் என்று எதையோ வைத்தேன். தேதி பொருத்தம்.

14-4-81
ராஜாத்தி ரசம் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறாள். இன்லாண்டில் பசை தடவும் மடிப்பு வரைக்கும் ரசம். "நொரை கட்டும்போதே எறக்கிருங்க. கொதிச்சா கெட்டுரும். இது ரெண்டு பேருக்கு அளவு."

ரெண்டு பேருக்கா? இங்கே யார் ரெண்டு பேர்? மிச்சம் பிடிக்கத்தானே இத்தனை பாடும் என்று பதில் எழுதிவிட்டு எல்லாவற்றையும் பாதியாக்கி வைத்தேன். நன்றாக இருந்தது. போதத்தான் இல்லை.

20-4-81
ஆபீசில் பக்கத்து மேஜை சேஷன் நான் செய்வதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். மண்ணெண்ணெயை வெளியில் வாங்கிச் சமைப்பதற்குக் கேரியரே லாபமாம். "ரேஷன் கார்டு எடும் ஓய். பெண்டாட்டி பேரையும் சேர்த்து எடும். இங்க இல்லைன்னா என்ன? என் கார்டுல எங்கப்பா ஏழு வருஷமா இருக்கார். அவர் விந்திய மலையையே பார்த்ததில்லை."

டெல்லியில் முக்கால்வாசித் தமிழன் கார்டில் இப்படி ஊரிலிருக்கும் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களாம். ஒரே ஒரு சிக்கல். ஊரிலுள்ள கார்டில் அவள் பெயரை அடித்ததற்குச் சர்டிபிகேட் வேண்டும். அண்ணன் கார்டில் இருக்கிறாள். மே மாதம் லீவில் போகும்போது நானே வாங்கி வந்துவிட வேண்டியது.

31-5-81
ஊரிலிருந்து திரும்பியாயிற்று. பதினைந்து நாள் போனதே தெரியவில்லை.

தாலுகா ஆபீசுக்கு ராஜாத்தியும் கூட வந்தாள். குமாஸ்தா அண்ணன் கார்டை வாங்கி, சிவப்பு மையில் அவள் பெயர்மேல் ஒரு கோடு போட்டார். "பேரு எடுத்தாச்சு. இனிமே இங்க ஒனக்கு அரிசி சீனி கெடையாதும்மா" என்றார். வெளியே வந்ததும் அவள் சிரிக்கிறாள். "இனிமே நான் டெல்லிக்காரி மாமா. ஆளுக்கு முன்னாடி பேரு ரயிலேறிருச்சு." எனக்கும் சிரிப்பு. சர்டிபிகேட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பொரிகடலை வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்கு நடந்தோம்.

மதினி மட்டும், "இங்கதான இருக்கப் போறா, எதுக்குத் தம்பி அதுக்குள்ள அடிச்சீக?" என்றாள். ஆறு மாதம்தான் மதினி, கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொன்னேன்.

24-6-81
கார்டு வந்துவிட்டது. என் பெயருக்குக் கீழே இந்தியில் ராஜாத்தி. எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

சரிபார்க்க இன்ஸ்பெக்டர் வந்தார். இதற்கென்றே சேஷன் ஒரு வாக்கியம் மனப்பாடம் பண்ண வைத்திருந்தார். "பீவி கஹான் ஹை?", பெண்டாட்டி எங்கே, என்று கேட்டால் "மாய்கே கயீ ஹை", பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். நேரில் கேட்டதும் நாக்குக் குழறி, நான் போயிருக்கிறேன் என்பதுபோல ஏதோ சொல்லிவிட்டேன். அந்த ஆள் சிரித்தார். மாமி உள்ளேயிருந்து கை துடைத்துக்கொண்டு வந்து, "ஆயேகி, ஆயேகி, அக்லே மஹீனே ஆயேகி" என்று அடித்துச் சொன்னாள். அடுத்த மாதம் வந்துவிடுவாளாம். முத்திரை விழுந்தது.

1-7-81
இரண்டு பேர் அரிசி, இரண்டு பேர் சர்க்கரை, இரண்டு பேர் மண்ணெண்ணெய். ராஜாத்தி டெல்லி வருவதற்கு முன்பே சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று அவளுக்கு எழுதினேன். இந்த மாதம் எழுபது ரூபாய் மிச்சம்.

19-7-81
ராஜாத்தி முழுகாமல் இருக்கிறாளாம். கடிதத்தின் கடைசி வரியில், ரசத்துக்கு உப்புச் சொல்வதுபோல அதைச் சொல்லியிருக்கிறாள். மூன்று தடவை படித்தேன். மாமிக்குச் சொல்லலாமா, திருஷ்டியாகிவிடுமா என்று யோசித்து, கடைசியில் சொல்லிவிட்டேன். அவள் ஒரு கிண்ணம் பாயசத்தை ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். காசு கேட்கவில்லை.

டாக்டரிடம் காட்டவும் டானிக் வாங்கவும் ராஜாத்திக்கு ஐம்பது ரூபாய் மணியார்டர் செய்தேன். மாதாமாதம் அனுப்ப வேண்டும். பிள்ளை பிறந்தால் அறை இல்லாமல் முடியாது. காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். டீ போதும். இதையும் அவளுக்கு எழுதினேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

16-8-81
கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, அரைத்துவிட்டது. கடிதம் முழுக்க அதுதான். அளவு ரெண்டு பேருக்கு. திருந்த மாட்டாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு "எனக்கென்ன, நல்லாருக்கேன்" என்று ஒரு வரி.

10-9-81
போஸ்ட்மேன் எனக்கு மணியார்டர் என்றார். ஆள் மாறி வந்துவிட்டீர்கள் என்றேன். இல்லை, அருப்புக்கோட்டையிலிருந்து ராஜாத்தி அனுப்பியிருக்கிறாள், எண்பது ரூபாய். "சேத்து வச்சது. வீட்டுக்கு" என்று மூன்றே சொல்.

பெண்டாட்டி புருஷனுக்கு மணியார்டர் அனுப்பிக் கேள்விப்பட்டதில்லை. ஆபீசில் எல்லோரிடமும் கூப்பனைக் காட்டினேன். சேஷன், "கொடுத்து வைத்தவரய்யா நீர்" என்றார். எட்டுப் பேர் வீட்டில் எப்படிச் சேர்த்தாளோ. கெட்டிக்காரி.

4-10-81
ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் புளி வாங்கப் போனேன். மலையாளத்து மீன்கடைக்கு முன்னால் சும்மா கொஞ்ச நேரம் நின்றேன். காரணம் நேற்று வந்த கடிதம். இரண்டு பக்கமும் அயிரை மீன் குழம்பு. மண்சட்டியில் போட்டு எப்படி உரசிக் கழுவுவது, எப்போது மாங்காய்த் துண்டு போடுவது, மறுநாள் வைத்துச் சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்பது வரை. மாமி வீட்டில் மீன் கூடாது என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். இவளுக்கு மறதி வந்துவிட்டது.

22-10-81
இந்தக் கடிதத்தில் பருத்திப்பால். பருத்தி விதையை ஊறப்போட்டு ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டி, சுக்கு, தேங்காய் போட்டுக் காய்ச்ச வேண்டுமாம். டெல்லியில் பருத்தி விதைக்கு நான் எங்கே போவேன்? நடக்கிற சமையலாக எழுது என்று பதில் போட்டேன். கொஞ்சம் கடுகடுவென்றுதான் எழுதிவிட்டேன். தீபாவளிக்கு வரவில்லை, ரயில் காசை அட்வான்சில் போடுகிறேன் என்றும் எழுதினேன்.

15-11-81
முனிர்கா அறைக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. டிசம்பர் ஒன்றிலிருந்து நம்முடையது. வீட்டுக்காரர் ஜாட் சாதிக்காரர். குடும்பக்காரனுக்குத்தான் அறை என்று கறாராகச் சொன்னார். ரேஷன் கார்டை எடுத்துக் காட்டினேன். ராஜாத்தி பெயரைப் பார்த்ததும் சாவியைக் கொடுத்தார். சமையல்கட்டில் ஜன்னல் இருக்கிறது. மேடை அவள் உயரத்துக்குச் சரியாக இருக்கும்.

அவளுக்கு எழுதிப் போட்டேன்.

18-11-81
தந்தி. ராஜாத்தி சீரியஸ், உடனே வா.

11-12-81
வந்துவிட்டேன். லீவு முடிந்தது.

13-12-81
எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதினால் மட்டும் என்ன?

நான் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். எனக்காக எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பார்கள்? எல்லாம் முடிந்திருந்தது. ஆறு மாதத்திலேயே வலி கண்டதாம். பிள்ளையும் இல்லை, அவளும் இல்லை. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸம்மாவைத் தேடிப் போய்க் கேட்டேன். "ஒடம்புல ரத்தமே இல்லையே தம்பி. ஒரு தடவைகூட வந்து காட்டலையே" என்றாள். மாதாமாதம் பணம் அனுப்பினேனே என்றேன்.  எண்பது ரூபாய் எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. ஆபீசெல்லாம் காட்டினேன் அந்தக் கூப்பனை.

மதினிதான் அழுதுகொண்டே சொன்னாள். "ஜூன் மாசம் ரேஷன் வாங்கியாந்தப்ப, ஒரு ஆள் அரிசி கொறையுதேன்னு ஒரே ஒரு தடவை சொன்னேன் தம்பி. ஒரு தடவைதான் சொன்னேன். அன்னையிலருந்து அவ கடைசியாத்தான் ஒக்காருவா. சட்டியில இருந்தாச் சாப்பிடுவா, இல்லாட்டி பசிக்கலை அக்காம்பா. மசக்கையில சாப்பாடு எறங்கலையாக்கும்னு நெனச்சுட்டேன். நீங்களும் அங்க ஒருவேளைதான் சாப்பிடுறீகன்னு வேற சொன்னா."

மதினிமேல் கோபம் வரவில்லை. ஐந்து பிள்ளைகளும் அண்ணனும் இருக்கிற வீடு. அவள் கேட்டது நியாயமான கேள்வி. அந்த ஒரு ஆள் அரிசி இங்கே இருந்தது. என் பானையில இருந்துச்சு. அவ பேர அடிச்சு, அவ அரிசியத் தூக்கிட்டு வந்து நான் தின்னேன். தின்னுட்டு, சம்பாதிக்கிறா சம்பாதிக்கிறான்னு அவளுக்கே எழுதினேனே. என்ன மனுசன் நான்?

பொரிகடலை தின்னுக்கிட்டே நடந்தோம்.

14-12-81
ஆபீஸ் போனேன். சேஷன் கேன்டீனுக்குக் கூட்டிப் போனார். டீ வாங்கிக் கொடுத்தார்.

20-12-81
கடிதங்களை எல்லாம் எடுத்துத் தேதிவாரியாக அடுக்கினேன். பதினேழு.

ரசம், துவையல், பருப்பு. முதலில் வந்தவை எல்லாம் எனக்குத்தான். ஸ்டவ்வில் வைக்க முடிந்தவை. ஆகஸ்டுக்குப் பிறகு வந்ததைப் படிக்கப் படிக்கத்தான் தெரிகிறது. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. மாங்காய் போட்ட அயிரை மீன். கருப்பட்டிப் பருத்திப்பால். மீன் கூடாது என்பதை அவள் மறக்கவில்லை. டெல்லியில் பருத்தி விதை கிடைக்குமா என்று அவள் யோசிக்கவே இல்லை. எனக்குச் சமைக்கச் சொல்லித் தரவில்லை அவள். வாய்க்கு என்ன கேட்டதோ அதை உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். வேறு யாரிடம் சொல்வாள்? வாங்கித் தா என்று கேட்டால் மிச்சம் பிடிப்பது கெட்டுவிடும். அதனால் எப்படிச் செய்வது என்று எழுதினாள்.

நான் சிரித்தேன். நடக்கிற சமையலாக எழுது என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு கடிதம்தான் வந்தது. அதில் கஞ்சி வைப்பது எப்படி என்று இருக்கிறது. அதுவும் ரெண்டு பேருக்கு அளவு.

27-12-81
முனிர்கா போய்ச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் ஜாட் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அட்வான்சை அப்படியே எண்ணிக் கொடுத்தார். டிசம்பர் வாடகையைக்கூடப் பிடிக்கவில்லை. அறுநூற்று எழுபத்தைந்து ரூபாய். பஸ்ஸில் வரும்போது பையில் கனமாக இருந்தது. இதை என்ன செய்வது?

3-1-82
இரண்டு நாளாக ஸ்டவ்வைப் பற்ற வைக்கவில்லை. இன்று மாமி கேரியரைக் கொண்டுவந்து அவளே திறந்து வைத்தாள். கேரியரோடு நாலு எட்டு அவள் நடந்து வந்தது இதுதான் முதல் தடவை. பூசணிக்காய்க் கூட்டு.

"சாப்பிடு. அன்னிக்கு, எத்தனை நாளைக்குன்னு பாக்கறேன்னு சொன்னேனே, அதை மனசுல வச்சுக்காதே" என்றாள்.

எனக்கு அதெல்லாம் நினைவே இல்லை மாமி என்றேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. மீதியைக் கொட்டவும் கை வரவில்லை. மறுபடியும் உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன்.

1-2-82
கேரியர் கணக்கு பழையபடி ஆரம்பித்தாயிற்று. ஸ்டவ் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

ரேஷன் ஆபீசுக்குப் போய், பெயர் நீக்குவதற்கான ஃபாரம் வாங்கினேன். காரணம் என்ற இடத்தில் நிரப்ப வேண்டும். இறப்பு என்று இந்தியில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை.

14-2-82
ஃபாரம் அப்படியே இருக்கிறது. சேஷன், "சீக்கிரம் கொடுத்துவிடும், இல்லாத ஆளுக்கு வாங்கினால் கேஸாகிவிடும்" என்றார். இல்லாத ஆளுக்கு வாங்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அவர்மேலும் கோபம் வரவில்லை. எனக்காகப் பயப்படுகிறார்.

ஊர்க் கார்டில் அவளை அடிக்க வைத்தது நான். சிவப்பு மை. இதிலும் அடித்துவிட்டால் அவள் எந்தக் கார்டிலும் இருக்க மாட்டாள்.

28-2-82
காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார், போன வருஷம் வந்த அதே ஆள். கார்டை வாங்கி என்னைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். ஒரு கட்டில், கொடியில் என் சட்டை இரண்டு.

"பீவி கஹான் ஹை?"

"மாய்கே கயீ ஹை."

இந்த முறை நாக்குக் குழறவில்லை. அவர் சிரித்தார். "இன்னுமா வரவில்லை?" என்று இந்தியில் கேட்டுவிட்டு, சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்த மாமியைப் பார்த்தார். போன தடவை அவள் சொன்னது நினைவிருக்கிறது போலிருக்கிறது. "மாஜி, ஆயேகி?"

மாமி என்னைப் பார்த்தாள்.

"ஆயேகி" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

பத்து மணிக்குக் கடை திறந்ததும் போய் வரிசையில் நின்று இரண்டு பேர் சர்க்கரை வாங்கி வந்தேன்.